குன்ஸெஸ் அணைக்காத வெளிச்சம்

வடக்கே வானம் சிவந்த அன்று பாங்யுல் ஊரில் ஒருவர்கூட வானத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் குன்ஸெஸ் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதைச் சொன்னால் லே நகரத்தில் இருக்கிற என் தங்கை விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "அவ்வளவு பெரிய வானம் அச்சே, அது எப்படிக் கண்ணுல படாம போகும்?" என்கிறாள். அச்சே என்றால் அக்கா. அவளுக்கென்ன, தெருவிளக்கு எரிகிற ஊரில் இருக்கிறாள். இங்கே வந்து நாலு வருஷம் ஜன்னலில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்திப் பார்க்கட்டும். வெளிச்சம் என்று எதைக் கண்டாலும் முதலில் அது யார் வீட்டு வெளிச்சம் என்றுதான் கேட்கத் தோன்றும்.

எல்லாம் இந்த நட்சத்திரங்களால் வந்த வினை. அவை பாட்டுக்குத் தலைக்கு மேலே கிடந்தன. ஆடு மேய்க்கப் போனவன் மல்லாந்து படுத்தால் பார்ப்பான், இல்லையென்றால் இல்லை. மலையுச்சியில் தொலைநோக்கிக் கூடம் வந்தது. அதன் பின்னாலேயே நட்சத்திரம் பார்க்க வண்டி வண்டியாக ஆட்கள் வந்தார்கள். ஊர் இருட்டாக இருக்கும்வரைதான் இந்தக் கூட்டம் வரும் என்றார்கள். உடனே ஊர்க்கூட்டம் போட்டோம். பொழுது சாய்ந்தால் வெளியே வெள்ளை விளக்கு கூடாது, ஜன்னலுக்குக் கனத்த திரை, டார்ச்சுக்குச் சிவப்புத் தாள். நானும்தான் கை தூக்கினேன். திரை போட்டால் எதிர் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று தெரியாமல் போகும் என்பதை அப்போது ஒருவரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை. கடை வைத்திருப்பவளுக்கு ஊர் நிலவரம் தெரிய வேண்டாமா?

வருகிற விருந்தாளிகளுக்காக அடித்துக்கொள்ளக் கூடாதென்று முறை வைத்திருக்கிறோம். வண்டி என் கடை வாசலில் வந்து நிற்கும். எந்த வீட்டு முறையோ அந்த வீட்டுக்காரி வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாள். அடுத்த வண்டி அடுத்த வீட்டுக்கு. வெளிச்ச விதியை மூன்று தடவை மீறிய வீட்டுக்கு மட்டும் அன்றிலிருந்து அடுத்த கோடை முடியும்வரை முறை கிடையாது.

குன்ஸெஸுக்கு ஏற்கெனவே இரண்டு ஆகியிருந்தது. முதல் தடவை, குட்டி போட்டுக்கொண்டிருந்த ஆட்டைப் பார்க்கப் போனவள் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டாள். இரண்டாம் தடவை, அவள் வீட்டில் தங்கியவன் கக்கூசுக்கு வழி தெரியாமல் போன் வெளிச்சத்தை நாலு பக்கமும் அடித்தான். இன்னொன்று ஆனால் அவள் கதி அதோகதிதான். போன வருஷம் அவளும் புருஷனும் மந்தையில் பாதியை விற்று, ஊரின் வடக்கு மூலையில் இருக்கிற அவர்கள் வீட்டில் இரண்டு அறை கட்டினார்கள். புருஷன் சாலை வேலைக்கு லாரி ஓட்டப் போய்விட்டான். ஆடும் பாதி, ஆளும் இல்லை. அந்த இரண்டு அறைகளை நம்பித்தான் அவள் பிழைப்பு.

முறை வரிசையில் குன்ஸெஸுக்கு அடுத்த வீடு மோருப்பினுடையது. குன்ஸெஸின் முறை போனால் அது மோருப்பின் மனைவி பல்மோவுக்கு வரும். நான் எதுவும் சொல்லவில்லை, வரிசையைத்தான் சொன்னேன்.

இந்த மோருப்தான் எங்கள் வெளிச்சக் காவல். மாதத்துக்கு ஒரு வீடு என்று காவல் சுற்றி வர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. குளிரில் யார் சுற்றுவது? எல்லோருடைய மாதத்தையும் மோருப்பே எடுத்துக்கொண்டார். கழுத்தில் விசில். சாலைக்காரர்கள் விட்டுப்போன ஆரஞ்சு சட்டை ஒன்றையும் மாட்டிக்கொள்வார். இருட்டில் மின்னுகிற சட்டை அது. இருட்டைக் காக்கிறவர் மின்னலாமா என்று யோசித்து, அதை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட மனிதர். ஒரு தடவை பௌர்ணமி அன்று நிலவைப் பார்த்து முகம் சுளித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அன்று இருட்டி, ஊர் சாப்பாட்டுக்கு உட்காருகிற நேரம். நான் கடைக் கதவைச் சாத்தும்போது விசில் சத்தம் கேட்டது. சும்மா இல்லை, மூச்சு விடாமல். என்னவென்று பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். ஊரில் முக்கால்வாசிப் பேர் அதே எண்ணத்தோடு வந்துகொண்டிருந்தார்கள்.

குன்ஸெஸ் வீட்டுக்குப் பின்னால், மலை விளிம்பை ஒட்டி, சிவப்பாக இருந்தது. அணையப்போகிற தணல் மாதிரி ஒரு மங்கல் சிவப்பு.

"நோமோ! விளக்கை அணை!" என்று மோருப் வாசலில் நின்று கத்தினார். எங்கள் பக்கத்தில் தங்கச்சிக்கு நோமோ, அண்ணனுக்கு அச்சோ.

குன்ஸெஸ் கரண்டியோடு வெளியே வந்தாள். "எந்த விளக்கை?"

"அதை என்கிட்ட கேக்குறியா? ஊருக்கே தெரியுது, உன் வீட்டுப் பின்னால செவசெவன்னு."

"கக்கூஸ் வாசல்ல சிவப்பு பல்பு போட்டிருக்கேன். சிவப்பு போடலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சிவப்பு தரையைப் பாக்கணும். உன்னுது வானத்தைப் பாக்குது."

"அச்சோ, எலுமிச்சம்பழம் அளவு பல்பு அது. வானத்தை எங்க பாக்கும், கக்கூஸுக்குப் போறவங்களைத்தான் பாக்கும்."

ஆனாலும் போய் அணைத்தாள். எல்லோரும் அண்ணாந்தோம். கூரை விளிம்புவரைதான், அதற்கு மேலே யாரும் போகவில்லை. சிவப்பு அப்படியே இருந்தது.

"இன்னொண்ணு இருக்கு," என்றார் மோருப்.

"வேற இல்ல."

"புது ரூமுக்குள்ள என்னென்னத்த வாங்கி மாட்டியிருக்காளோ," என்று பல்மோ பொதுவாகச் சொன்னாள். யாரிடமும் சொல்லாத மாதிரி, எல்லோருக்கும் கேட்கும்படி.

குன்ஸெஸ் உள்ளே போய் சோலார் பேட்டரியிலிருந்து ஒயரையே பிடுங்கிவிட்டாள். வீடு குகை மாதிரி ஆனது. சிவப்பு கொஞ்சம் கூடியது போலத்தான் தெரிந்தது.

"பாருங்க, வேணும்னே ஏத்துறா!" என்றது ஒரு குரல்.

ஊர்த் தலைவர், எங்கள் கோபா, அப்போதுதான் வந்து சேர்ந்தார். எந்த வழக்கு வந்தாலும் அவர் வாயில் ஒரே வார்த்தைதான். "பார்ப்போம், பார்ப்போம்," என்றார். அதைத் தேடிப் பார்க்கச் சொன்ன உத்தரவாக எடுத்துக்கொண்டு மொத்த ஊரும் குன்ஸெஸ் வீட்டுக்குள் நுழைந்தது.

ஆட்டுக்கொட்டகையைப் பார்த்தோம். வறட்டி அடுக்கி வைத்த இடத்தைப் பார்த்தோம். மாவுப் பெட்டியைத் திறந்துகூடப் பார்த்தார்கள், மாவுக்குள் யார் விளக்கு வைப்பார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. புது அறை ஒன்றில் புனேயிலிருந்து வந்த தாம்லே என்பவர் தங்கியிருந்தார். நட்சத்திரத்தைப் படம் பிடிக்க வந்தவர். வந்து பத்து நாளாகியும் மலைக்காற்று ஒத்துக்கொள்ளாமல், அன்று தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு, காமிராவை வெளியே வீட்டுக்கு எதிரே தள்ளி முக்காலியில் வடக்குப் பார்த்துத் தானாகப் படம் பிடிக்க வைத்துவிட்டு, இரண்டு ரஜாய்க்குள் புதைந்து கிடந்தார். மோருப் அவர் முகத்தில் டார்ச் அடித்தார்.

"என்ன? என்ன ஆச்சு?" என்று அவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஒண்ணுமில்ல சார். பாக்குற மாதிரி எதுவும் இல்ல. நீங்க தூங்குங்க," என்று மோருப் ரஜாயை இழுத்துப் போர்த்திவிட்டார்.

பிறகு ஏணி வைத்துக் கூரை மேல் ஏறினார். எங்கள் கூரைகளின் விளிம்பில் விறகுச் சுள்ளி அடுக்கியிருப்போம் அல்லவா, அதன் இடுக்கு ஒவ்வொன்றிலும் டார்ச்சை விட்டுக் குனிந்து குனிந்து தேடினார். "இங்கேருந்துதான் வருது! ஆனா எங்கேருந்துன்னுதான் தெரியல!" என்று மேலிருந்து கத்தினார்.

குன்ஸெஸ் பொறுமையாக இருக்கிறவள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அன்று இருந்த பொறுமையும் தீர்ந்தது. "விளக்கு போச்சு, பேட்டரி போச்சு. இன்னும் என்ன இருக்கு, இந்த அடுப்புதானே? இந்தாங்க!" என்று குடத்துத் தண்ணீரை அப்படியே அடுப்பில் கவிழ்த்தாள். உஸ்ஸென்று வீடு முழுக்கப் புகை. பாதி வெந்த ஸ்க்யூ, மாவு வில்லையும் முள்ளங்கியுமாக, பானையோடு சாய்ந்தது.

அதே சமயம் கூரையிலிருந்து மோருப் கத்தினார். "போயிடுச்சு! அணைஞ்சிடுச்சு!"

உண்மைதான். மலை விளிம்பில் சிவப்பு வற்றிக்கொண்டே போய்க் கறுப்பானது.

"அப்ப அடுப்புதான்," என்றார் கோபா.

"அடுப்பு வெளிச்சம் மலை மேல போகுமா, கோபா-லெ?" குன்ஸெஸுக்கு இருமலில் கண்ணெல்லாம் நீர்.

"புகைக்கூண்டு வழியா போயிருக்கும்."

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கும் பட்டது. அடுப்பை அணைத்தாள், வெளிச்சம் போனது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"மூணாச்சு," என்று சொல்லிவிட்டு மோருப் ஏணியில் இறங்கினார்.

"அச்சோ!" குன்ஸெஸ் அவர் எதிரே போய் நின்றாள். இரண்டு வீடும் ஒரே பஸ்பூன், ஒரே குலதெய்வம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மற்ற வீட்டார்தான் வந்து அடுப்பு மூட்டிச் சமைத்துப் போட வேண்டும். "நாளைக்கு நீ மண்டையைப் போட்டா உன் வீட்டுல அடுப்பு பத்த வைக்க நான்தான் வரணும். ஞாபகம் இருக்கட்டும். ஈர வறட்டியோட வர்றேன்!"

அவள் அவரை 'நீ' என்று சொன்னதை அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

மறுநாள் காலை வெயில் வந்ததும் என் கடை வாசலில் கூட்டம் கூடியது. ஊர்ப் பொதுக்கூடம் இருக்கிறது, ஆனால் அங்கே வெயில் படாது, டீயும் கிடைக்காது. கோபா இரண்டு கோப்பை வெண்ணெய் டீ குடிக்கும்வரை எதுவும் பேசவில்லை.

"மூணு தடவை ஆயிடுச்சு," என்றார் கடைசியில். "விதின்னா விதிதான். நான் என்ன செய்யறது?"

"அது என் அடுப்பு இல்ல," என்றாள் குன்ஸெஸ். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். "இத்தனை வருஷமா அதே அடுப்புலதான் சமைக்கிறேன். என்னைக்காவது மலை சிவந்துதா?"

"நேத்து என்ன வறட்டி போட்டியோ," என்றாள் பல்மோ.

"உங்க வீட்டு யாக் போட்ட சாணிதான் அச்சே, பல்மோ அச்சே! உங்ககிட்டதானே வாங்கினேன்!"

பல்மோ அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அப்ப இன்னைக்கு வண்டி வந்தா எங்க வீட்டுக்குத்தானே?" என்று கோபாவைக் கேட்டாள். முறை ஊரைச் சுற்றி முடித்து அன்று மறுபடி குன்ஸெஸிடம் வந்திருந்தது. பல்மோவின் அறைகள் விடியற்காலையிலேயே பெருக்கியாகிவிட்டன என்பதும் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

"இப்பவே வேணுமா? கொஞ்சம் சாம்பலாவது ஆறட்டும்," என்றாள் குன்ஸெஸ். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மோருப் விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

கோபா வாயைத் திறப்பதற்குள் வடக்குப் பக்கமிருந்து ஒரு அலறல். தாம்லே ஓடி வந்தார். ஓடி என்று சொல்லக் கூடாது. எங்கள் ஊரில் புனேக்காரர்கள் ஓடினால் நாலு எட்டுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குவார்கள். ஒரு காலில் மட்டும் சாக்ஸ், மார்போடு அணைத்த காமிரா.

"நேத்து... யாராவது... வானத்தைப் பாத்தீங்களா?"

நான் அவருக்கு முக்காலியைத் தள்ளினேன். அவர் உட்கார்ந்து காமிராவைத் திருப்பிக் காட்டினார். அதன் சின்னத் திரையில் எங்கள் வடக்கு மலை. அதற்கு மேலே வானம் பாதிவரை சிவப்பு. நாங்கள் கண்ட மங்கல் சிவப்பு இல்லை, செம்பருத்தி நிறம். நடுவே தூண் தூணாக வெளுத்த கோடுகள்.

"துருவ ஒளி!" என்றார் தாம்லே. "நார்வேயில, ஐஸ்லாந்துல வர்றது! இவ்வளவு தெற்க வர்றதே இல்ல. சூரியன்ல பெரிய புயல் அடிச்சாத்தான் வரும். இதைப் பாக்கறதுக்காக நார்வேக்கு ரெண்டு தடவை போனேன். ரெண்டு தடவையும் மேகம். இங்க என் ஜன்னலுக்கு வெளிய வந்திருக்கு, நான் தூங்கியிருக்கேன்!"

"சூரியன்ல புயல் அடிச்சா பகல்லதானே தெரியணும்?" என்றார் கோபா.

தாம்லே அவரைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

குன்ஸெஸ்தான் முதலில் புரிந்துகொண்டாள். காமிராவை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினாள். "இதுல என் வீடு எங்க?"

"அதோ, கீழ. அந்தக் கறுப்பு."

"கறுப்பு!" என்று அவள் எழுந்து நின்றாள். "பாருங்க, நல்லா பாருங்க. பானை அடி மாதிரி இருக்கு என் வீடு. இதுல எங்க வெளிச்சம்? சொல்லுங்க!"

"போட்டோதானே," என்றாள் பல்மோ. "போட்டோவுல இப்பல்லாம் என்ன வேணா சேத்துடுறாங்க. நம்ம கோபா மருமக முகத்துல நாய்க்காது இருந்துச்சே, போன மாசம்."

"அம்மா, இது அந்த மாதிரி இல்லம்மா!" தாம்லேக்கு அழுகையே வந்துவிட்டது.

மோருப் கையை நீட்டினார். "என்கிட்ட குடு நோமோ." சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். தாம்லே பக்கத்தில் நின்று பொத்தானை அழுத்த, படங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. நாங்கள் எல்லோரும் மோருப்பின் தோளுக்கு மேல் கழுத்தை நீட்டினோம்.

முதலில் வெறும் மலை. பிறகு லேசாகச் சிவப்பு. பிறகு இன்னும் சிவப்பு. பிறகு கீழ் மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி. அடுத்த படத்தில் நாலு. அதற்கடுத்ததில் வெள்ளைக் கோடுகள் வீடு முழுக்கப் புழு மாதிரி நெளிந்தன.

"இதுங்க யாரு?" தாம்லேயின் குரல் கீச்சிட்டது. "வானம் உச்சத்துல இருக்கு, அந்த நேரம் பாத்து யாரு என் படத்துல டார்ச் அடிச்சது? எல்லாம் போச்சு! அதுக்கப்புறம் ஒரு படம்கூடச் சுத்தமா இல்ல!"

ஓடி வந்த அவசரத்தில் பாதிப் பேர் டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் சுற்றவில்லை. சுற்றியவர்களுடையதும் வழியில் கழன்றிருந்தது. படத்தில் ஆள் ஆளாகத் தெரிந்தோம். ஒருவர் ஆட்டுக்கொட்டகைக்குள் தலையை விட்டிருந்தார். கோபா இடுப்பில் கை வைத்து நின்றார். பல்மோ புது அறை ஜன்னலில் மூக்கை அழுத்தி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் எக்கி நின்று பார்த்துக்கொண்டிருந்த குண்டுப் பெண் நான்தான் என்கிறார்கள். அப்படி ஒன்றும் தெளிவாக இல்லை அந்தப் படம். எல்லோர் முதுகுக்குப் பின்னாலும் வானம் திறந்து கிடந்தது. ஒரு முகமாவது அந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டுமே.

கடைசிப் படங்களில் ஒன்றில் கூரை. ஆரஞ்சு சட்டைக்காரர் குனிந்து சுள்ளிக்குள் டார்ச்சை விட்டிருக்கிறார். ஊரிலேயே அவ்வளவு உயரத்தில், அந்தச் சிவப்புக்கு அவ்வளவு பக்கத்தில் நின்றவர் அவர்தான். சிவப்பு அவர் தோள் வரைக்கும் இறங்கி வந்த மாதிரி இருந்தது. அவர் டார்ச்சிலிருந்து கிளம்பிய வெள்ளைக் கற்றை சுள்ளி இடுக்கு வழியாக நேராக ஆகாயத்துக்குப் போயிருந்தது.

மோருப் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். தாம்லே அடுத்த படத்துக்கு நகர்த்தப் போனபோது அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கொஞ்சம் திரும்பியிருந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

"நீங்கதானே வந்து 'பாக்குற மாதிரி எதுவும் இல்ல, தூங்குங்க'ன்னு சொன்னீங்க!" என்று தாம்லே அவர் மேல் பாய்ந்தார். "இப்பதான் ஞாபகம் வருது! நீங்கதான்! போர்த்தி வேற விட்டீங்க!"

மோருப் கண்ணாடியைக் கழற்றினார். "கோபா-லெ, வெள்ளை வெளிச்சம். அதுவும் வானத்தைப் பாத்து. காவல்காரனே அடிச்சிருக்கான். என் வீட்டு மேல ஒண்ணு சேத்துக்கோங்க."

"என்னது?" பல்மோ எகிறினாள். "உனக்கு மூளை கலங்கிடுச்சா? குத்தம் சொல்லணும்னா உன் மேல சொல்லிக்கோ. என் ரூம் மேல சொல்லாத! வீடு என்ன உன் வீடு மட்டுமா?"

"விதின்னா எல்லாருக்கும்தான்."

"நேத்து வரைக்கும் அந்த விதி என் பக்கம்தானே இருந்துச்சு!"

இதோடு நிறுத்தியிருந்தால் மோருப் மோருப்பே இல்லை. அந்த மனிதர் படங்களை மறுபடி முதலிலிருந்து ஓட்டச் சொன்னார். ஒவ்வொரு வெள்ளைக் கோடாகக் காட்டி, இது இன்ன வீடு, இது இன்ன வீடு என்று பெயர் சொல்ல ஆரம்பித்தார். அவரவருக்கு ஏற்கெனவே எத்தனை ஆகியிருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். கூட்டம் கொதித்துப் போனது. அது தன் டார்ச் இல்லை, மின்மினி என்று ஒருவர் சாதித்தார். இந்த உயரத்தில், இந்தக் குளிரில், மின்மினி. இன்னொருத்தி தன் டார்ச்சை மச்சினன் கடன் வாங்கியிருந்தான், அதனால் குற்றம் அவன் வீட்டுக்குத்தான் என்றாள். மச்சினன் அவளைக் கிழவி என்றான்.

"இது கோபா-லெ உங்க டார்ச்," என்றார் மோருப். "உங்க வீட்டுக்கு இதோட மூணு."

கோபா காலிக் கோப்பையை எடுத்துக் குடித்தார்.

"பார்ப்போம்," என்றார். பிறகு, வாழ்க்கையிலேயே முதல்முறையாக, உடனே பார்த்துவிட்டார். "நேத்து சாயங்காலம் ஒரு விசேஷமான சாயங்காலம். அதை யாரும் கணக்குல எடுத்துக்க வேண்டாம். எல்லாருக்கும் மன்னிப்பு. குன்ஸெஸுக்கும் சேத்து. அவ முறை அவளுக்கே. போதுமா? எல்லாரும் வேலையைப் பாருங்க."

அப்பாடா என்று நான் கோப்பைகளை எடுக்க எழுந்தேன்.

"போதாது," என்றாள் குன்ஸெஸ்.

"இன்னும் என்ன? முறையைத்தான் குடுத்தாச்சே!"

"எனக்கு எதுக்கு மன்னிப்பு? டார்ச் அடிச்சவங்களுக்கு மன்னிப்பு குடுங்க. நான் என்ன செஞ்சேன்? என் மாவுப் பெட்டி வரைக்கும் கை விட்டீங்க. புள்ளைங்க ஹாஸ்டல்லேருந்து வந்தா, உங்க அம்மா அடுப்பால மலையைச் சிவக்க வச்சான்னு சொல்லுவீங்க. இன்னைக்கு மன்னிப்புன்னுவீங்க, நாளைக்கு வேற ஒண்ணு வந்தா, ஏற்கெனவே மூணு, பாவம்னு விட்டோம்னுவீங்க. எனக்குத் தெரியாதா இந்த ஊரை? வெளிச்சம் என்னுது இல்லைன்னு சொல்லுங்க. அதை மட்டும் சொல்லுங்க."

இதில் என்ன கஷ்டம் என்று நினைப்பீர்கள். ஊர்க்கூட்டம் தப்பாகச் சொல்லிவிட்டது என்று எங்கள் ஊரில் எந்தக் கோபாவும் சொன்னதில்லை. இவர் தொண்டையைச் செருமினார். மலையைப் பார்த்தார். "அதான் முறை இருக்கே, நோமோ, அப்புறம் எதுக்கு..." என்று இழுத்தார். அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தில் எல்லோருக்கும் வீட்டில் வேலை ஞாபகம் வந்தது. குன்ஸெஸ் யாரையும் விடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கும் எரிச்சல்தான். ஒரு வரி. ஒரே ஒரு வரி. அதைச் சொல்ல ஒரு ஊருக்கு வாய் இல்லை.

மோருப் எழுந்தார். இரவில் 'திரையைப் போடு' என்று தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி கத்துவாரே, அதே தொண்டையில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நேத்து வெளிச்சம் குன்ஸெஸுது இல்ல. அவ அடுப்பு இல்ல, விளக்கு இல்ல. அவ வீடு இருட்டாத்தான் இருந்துச்சு. தப்பாச் சொன்னது நான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பல்மோ முந்தானைபோல் தோளில் கிடந்த ஆட்டுத்தோலை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கோபா, "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்," என்றார்.

குன்ஸெஸ் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று முதல் அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

அப்போது வளைவில் புழுதி கிளம்பியது. வண்டி ஒன்று வந்து கடை வாசலில் நின்றது. உள்ளிருந்து ஒரு அப்பா, ஒரு அம்மா, குரங்குக் குல்லாய் மாட்டிய இரண்டு பெண்கள் இறங்கினார்கள். இந்தோரிலிருந்து வருகிறார்களாம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பல்மோவும் ஆட்டுத்தோலை விலக்கிப் பார்த்தாள்.

"குன்ஸெஸ் முறை," என்றேன்.

குன்ஸெஸ் முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு போய்ப் பெரிய பெட்டியைத் தூக்கினாள். அந்த அப்பாவுக்கு நிலைகொள்ளவில்லை. "நேத்து இங்க சிவப்பா ஏதோ வெளிச்சம் வந்துச்சாமே? வழியில எல்லாரும் அதையே பேசறாங்க. நீங்க பாத்தீங்களா? இன்னைக்கும் வருமா?"

"நான் அடுப்படியில இருந்தேன்," என்றாள் குன்ஸெஸ். "வருமான்னு தெரியாது. வந்தா என் வீட்டுலேருந்து வராது, அதை மட்டும் இப்பவே சொல்லிடுறேன். இருட்டினதும் திரையைத் தொடக் கூடாது."

"திரையை விலக்காம எப்படிம்மா பாக்குறது?"

அவள் பெட்டியோடு நாலு எட்டு நடந்து, நின்று, திரும்பாமலே சொன்னாள்.

"வெளிய வந்து நின்னு பாருங்க. போகும்போது அந்த ஆரஞ்சு சட்டைக்காரரையும் கூட்டிட்டுப் போங்க. அவரும் இன்னும் பாக்கல."